கன்சர்வேட்டிவும் லிபர்டேரியனும் ஒன்றா? அமெரிக்க வலதுசாரிகளைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸ் பக்கம் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. அமெரிக்காவில் ஏதாவது நடந்தால் ஊரில் இருக்கும் சித்தப்பாவில் தொடங்கி கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழு வரை எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள், ஏதோ வெள்ளை மாளிகைக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறவன் மாதிரி. கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: எல்லாரும் வலதுசாரிகள்தானே, அப்புறம் ஏன் அவர்களுக்குள்ளேயே இப்படி அடித்துக்கொள்கிறார்கள்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அனுப்பிக் கை வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

கன்சர்வேட்டிவ், லிபர்டேரியன் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும். வரி குறைய வேண்டும், துப்பாக்கி உரிமையில் கை வைக்கக் கூடாது, எல்லாவற்றையும் வாஷிங்டனில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்கக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே குரல்தான். ஆனால் கன்சர்வேட்டிவ் ஆள் காப்பாற்ற நினைப்பது ஒரு வாழ்க்கை முறையை: குடும்பம், தேவாலயம், தேசம், எல்லை, தாத்தா பாட்டி காலத்திலிருந்து வருகிற ஒழுக்கம். அரசு இதற்கு உதவினால் நல்ல அரசு, கெடுத்தால் கெட்ட அரசு. லிபர்டேரியன் ஆளுக்கு இந்தக் கணக்கே கிடையாது. அடுத்தவர் உடம்பிலும் உடைமையிலும் கை வைக்காதவரை ஒருவன் எதைக் குடித்தாலும், யாரைக் கல்யாணம் செய்துகொண்டாலும், எதை விற்றாலும் அரசுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்.

சித்தப்பாவுக்கு நான் சொன்னது இப்படி: அரசாங்கம் ஒரு தடி. அது எதிராளி கையில் இருக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து கத்துவார்கள். தடி தங்கள் பக்கம் வந்த பிறகுதான் சண்டையே. ஒருவர் "இப்போது நம்ம முறை" என்பார், இன்னொருவர் "முதலில் அந்தத் தடியை உடைத்துப் போடு" என்பார். கீழே வருகிற பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே சண்டைதான்.

தமிழில் சொல்லக் கூடாதா? பழமைவாதி, சுதந்திரவாதி என்று?

சொல்லலாம். ஆனால் 'பழமைவாதி' என்பது நம்மிடம் பாதி வசவு. அமெரிக்காவில் ஒருவர் "நான் கன்சர்வேட்டிவ்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார், நம்மூரில் யாரும் "நான் பழமைவாதி" என்று சொல்லிக்கொள்வதில்லை. 'சுதந்திரவாதி' என்றால் 1947-க்குப் போய்விடுகிறோம். ஆகவே அந்த ஊர்ச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன், மன்னிக்கவும்.

லிபரல், லிபர்டேரியன்? பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே.

ஒரே வேர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தடையற்ற வணிகம், சிறிய அரசு என்று பேசியவர்கள்தான் லிபரல்கள். 1930-களில் ரூஸ்வெல்ட் காலத்தில் அமெரிக்காவில் அந்தப் பெயர், அரசு இறங்கி வேலை செய்ய வேண்டும் என்கிற பக்கத்துக்குப் போய்விட்டது. பழைய பொருளிலேயே நின்றவர்களுக்குப் பெயர் பறிபோனது, கொஞ்ச காலம் கழித்து வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள்.

கொள்கையெல்லாம் சரி, கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

எங்கள் டெக்சாஸ் கதையே இருக்கிறது. நூலை முறுக்கிப் புருவம் திருத்துகிற 'திரெட்டிங்', நம்மூரில் தெருவுக்கு ஒரு பியூட்டி பார்லரில் நடக்கிற வேலை. டெக்சாஸில் அதற்கு உரிமம் வேண்டும், உரிமத்துக்குக் குறைந்தது 750 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றது மாநில அரசு. அந்தப் பயிற்சியின் கணிசமான பகுதிக்கும் நூல் வேலைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படேல் என்பவரும் வேறு சில திரெட்டிங் தொழிலாளர்களும் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக வாதாடியது இன்ஸ்டிடியூட் ஃபார் ஜஸ்டிஸ் என்கிற லிபர்டேரியன் வழக்கறிஞர் அமைப்பு. 2015-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் இந்த விதி மாநில அரசியல் சட்டப்படி செல்லாது என்றது.

இதில் எனக்குப் பிடித்தது தீர்ப்பைவிட வாக்குக் கணக்குதான். 6-க்கு 3. அந்த நீதிமன்றத்தில் அப்போது இருந்த ஒன்பது பேருமே குடியரசுக் கட்சிக்காரர்கள் (இங்கே நீதிபதிகளே தேர்தலில் நின்று வருகிறவர்கள், அது தனிக் கூத்து). ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர்கூட இல்லாத இடத்தில் எப்படி இரண்டு அணி வந்தது? உழைத்துப் பிழைக்கிற உரிமையில் அரசு காரணமில்லாமல் குறுக்கே நிற்கக் கூடாது என்றது ஒரு அணி. சட்டசபை போட்ட விதி முட்டாள்தனமாகவே இருந்தாலும் அதை மாற்றுவது மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் வேலை, நீதிபதியின் வேலை இல்லை என்றது மற்றது. முதலாவது லிபர்டேரியன் குரல், இரண்டாவது பழைய பாணி கன்சர்வேட்டிவ் குரல். இரண்டிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் தொல்லை.

இவ்வளவு வித்தியாசம் இருந்தும் எப்படி ஒரே கூடாரத்தில் இருந்தார்கள்?

பொது எதிரி. சோவியத் யூனியன். வில்லியம் பக்லி 1955-ல் நேஷனல் ரிவ்யூ பத்திரிகையைத் தொடங்கியபோது சந்தைப் பொருளாதாரக்காரர்கள், தீவிரக் கத்தோலிக்கர்கள், கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து வெளியே வந்தவர்கள் என்று ஒருவருக்கொருவர் ஒத்துவராத ஆட்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தார். அங்கே ஆசிரியராக இருந்த ஃபிராங்க் மேயர் இதற்கு ஒரு தத்துவமும் பண்ணிக் கொடுத்தார், 'ஃப்யூஷனிசம்' என்று பெயர் வந்தது. சுருக்கமாகச் சொன்னால், கட்டாயப்படுத்தி வரவழைத்த ஒழுக்கம் ஒழுக்கமே இல்லை, ஆகவே சுதந்திரத்தைக் காப்பது அரசின் வேலை, ஒழுக்கத்தைக் கற்றுத்தருவது வீட்டின், கோயிலின் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா?

உள்ளே இருந்தவர்களே முழுதாக ஒத்துக்கொண்டதில்லை. பொருளாதார அறிஞர் ஹயக் 1960-லேயே தான் ஏன் கன்சர்வேட்டிவ் இல்லை என்று ஒரு கட்டுரை எழுதி வைத்துவிட்டார். நாவலாசிரியர் அய்ன் ராண்டோ லிபர்டேரியன்களையும் திட்டுவார், கன்சர்வேட்டிவ்களையும் திட்டுவார். ஆனாலும் தேர்தல் என்று வந்தால் சேர்ந்தே நின்றார்கள். 1964 அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் பேரி கோல்ட்வாட்டர் நின்று 6 மாநிலங்களை மட்டும் ஜெயித்துப் படுதோல்வி அடைந்தார். 1980-ல் ரீகன் ஜெயித்தார். அந்த ரீகன் 1975-லேயே ரீசன் என்கிற லிபர்டேரியன் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், கன்சர்வேட்டிவ் கொள்கையின் உயிரே லிபர்டேரியன் கொள்கைதான் என்கிற பொருளில் பேசியிருக்கிறார். 1991-ல் சோவியத் கலைந்தது. பொது எதிரி போன பிறகு பங்காளிகள் சும்மா இருப்பார்களா?

கோல்ட்வாட்டரைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து அவர் வாக்களித்தார். தனியார் கடைக்காரர் யாரை உள்ளே விட வேண்டும் என்று மத்திய அரசு சொல்ல அரசியல் சட்டத்தில் இடமில்லை என்பது அவர் வாதம். அவர் ஜெயித்த ஆறில் ஒன்று அவருடைய சொந்த அரிசோனா, மற்ற ஐந்தும் கறுப்பின மக்களை அடக்கி வைத்திருந்த ஆழ்தெற்கு மாநிலங்கள். அதாவது கொள்கை என்று அவர் சொன்னதை வேறு யாரோ வேறு காரணத்துக்காக வாங்கிக்கொண்டார்கள். ஆறாத புண் இது. 2010-ல் செனட் தேர்தலில் குடியரசுக் கட்சி சார்பில் நின்ற, லிபர்டேரியன் பக்கம் சாய்ந்த ராண்ட் பாலிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். மனிதர் சுற்றி வளைத்துப் பேசி மாட்டிக்கொண்டு, கடைசியில் "நான் இருந்திருந்தால் ஆதரித்துத்தான் வாக்களித்திருப்பேன்" என்று சொல்ல வேண்டி வந்தது. சாதியும் தேநீர்க் கடை இரட்டைக் குவளையும் பார்த்து வளர்ந்த நமக்கு, "சந்தையே பாகுபாட்டைச் சரி செய்துவிடும்" என்பது எவ்வளவு தூரம் நம்பக்கூடியது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

லிபர்டேரியன்களுக்குத் தனிக் கட்சி இருக்கிறதாமே?

இருக்கிறது. 1971-ல் கொலராடோவில் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் நிக்சன் கூலிக்கும் விலைக்கும் கட்டுப்பாடு போட்டு, டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சையும் அவிழ்த்துவிட்டார். குடியரசுக் கட்சி அதிபரே இப்படிச் செய்தால் நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு சின்னக் கூட்டம் வெளியேறியது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கு ஒரே ஒரு தேர்வாளர் வாக்கு (மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடி அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கப் போடுகிற வாக்கு) கிடைத்தது, அதுவும் நிக்சனுக்குப் போட வேண்டிய வர்ஜீனியா ஆள் ஒருவர் மாற்றிப் போட்டது. அதனால் அவர்களுடைய துணை அதிபர் வேட்பாளர் டோனி நேதன், தேர்வாளர் வாக்கு பெற்ற முதல் பெண் என்று வரலாற்றில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு சொல்லிக்கொள்கிற மாதிரி என்றால் 2016-ல் கேரி ஜான்சன் வாங்கிய 3.3 சதவீதம், அவ்வளவுதான். ஆனால் இழுபறி மாநிலத்தில் இந்தச் சின்ன எண்ணும் கடிக்கும். 2020-ல் ஜார்ஜியாவில் பைடன் ஜெயித்த வித்தியாசம் 11,779 வாக்குகள், லிபர்டேரியன் வேட்பாளர் ஜோ ஜார்கென்சன் அங்கே வாங்கியது 62 ஆயிரத்துக்கு மேல். அத்தனையும் ட்ரம்ப்புக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது, பாதிப் பேர் வாக்களிக்கவே வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ட்ரம்ப் கணக்குப் போட்டிருப்பார். 2024 மே மாதம் அவர்களுடைய மாநாட்டுக்கே நேரில் போய் ஆதரவு கேட்டார், கூட்டம் ஊளையிட்டது, அவரும் விடாமல் மூன்று சதவீதத்தை வைத்துக்கொண்டு இருங்கள் என்று கிண்டலடித்தார். ஆனால் அங்கே கொடுத்த ஒரு வாக்குறுதியைக் காப்பாற்றினார். சில்க் ரோட் என்கிற இணையப் போதைச் சந்தையை நடத்தி ஆயுள் தண்டனை பெற்றிருந்த ராஸ் உல்பிரிக்டுக்குப் பதவியேற்ற மறுநாளே, 2025 ஜனவரி 21 அன்று மன்னிப்பு கொடுத்தார். அந்தத் தேர்தலில் கட்சி வாங்கியது அரை சதவீதம்கூட இல்லை.

கட்சியை வைத்து இவர்களை எடை போட்டால் ஏமாந்து போவீர்கள். இவர்களுடைய பலம் வாக்குச் சாவடியில் இல்லை, நீதிமன்றத்திலும், கேட்டோ மாதிரி ஆய்வு நிறுவனங்களிலும், காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) குடியரசுக் கட்சிப் பெயரில் உட்கார்ந்திருக்கிற இரண்டு மூன்று பிடிவாதக்காரர்களிடமும் இருக்கிறது.

ட்ரம்ப்பின் இறக்குமதி வரிக்கு வலதுசாரிகள் எல்லாரும் ஆதரவுதானே?

திருப்பூரில் இருக்கும் நண்பன் கேட்டது இது. 2025 ஆகஸ்ட் கடைசியில் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி விழுந்தபோது பனியன் ஏற்றுமதிக்காரர்கள் வீட்டில் தூக்கம் போனது அவனுக்குத் தெரியும், எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

ஆதரவு பிளந்துதான் கிடக்கிறது. ரீகன் காலத்துக் கன்சர்வேட்டிவ்களுக்குத் தடையற்ற வணிகம் வேதவாக்கு. இன்றைய கன்சர்வேட்டிவ்களில் பெரிய கூட்டம் வேறு கேள்வி கேட்கிறது: மலிவான டிவி கிடைத்தது சரி, ஒஹாயோவில் ஆலை மூடி, அப்பாவுக்கு வேலை போய், ஊரே போதை மாத்திரையில் விழுந்ததே, அந்தக் கணக்கை யார் போட்டார்கள்? துணை அதிபர் ஜே. டி. வான்ஸ் வளர்ந்தது அப்படி ஒரு ஊரில்தான். பொருளாதார நிபுணர்கள் இந்தக் கேள்வியை ரொம்ப நாள் காதில் வாங்கவே இல்லை, அது அவர்கள் தப்பு. ஆனால் நோய் உண்மை என்பதற்காகக் கொடுக்கிற மருந்தும் சரி என்று ஆகிவிடாது. வரியைக் கட்டப்போவது அங்கே சாமான் வாங்குகிற ஆள்தான், லிபர்டேரியன்கள் தொண்டை கிழியச் சொல்வது அதைத்தான்.

2025 ஏப்ரல் 2 அன்று ட்ரம்ப் அந்த வரிகளை அறிவித்தது 1977-ம் ஆண்டு நெருக்கடி நிலைச் சட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு. அதை எதிர்த்து முதலில் வழக்குக்குப் போனவர்களில் ஒருவர் நியூயார்க்கில் ஒயின் இறக்குமதி செய்கிற சின்ன நிறுவனம். வழக்கை நடத்தியது யார்? லிபர்ட்டி ஜஸ்டிஸ் சென்டர் என்கிற லிபர்டேரியன் அமைப்பு. அந்த ஆண்டு மே மாதம் சர்வதேச வணிக நீதிமன்றமும், ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன, நவம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் வாதம் கேட்டது. வரி போடுகிற அதிகாரம் காங்கிரஸுக்கா அதிபருக்கா என்பதுதான் வழக்கின் உயிர். இதையே பைடன் செய்திருந்தால் கன்சர்வேட்டிவ் தொலைக்காட்சிகள் என்ன ஆட்டம் ஆடியிருக்கும்!

அதே ஆகஸ்டில் இன்டெல் நிறுவனத்தில் சுமார் 10 சதவீதப் பங்கை அமெரிக்க அரசே எடுத்துக்கொண்டது. ராண்ட் பால் இது சோசலிசத்தை நோக்கிய அடி இல்லையா என்று கேட்டார். சோசலிஸ்ட் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற பெர்னி சாண்டர்ஸ் ஆதரித்தார். இதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது.

எலான் மஸ்க் அரசுச் செலவை வெட்டினாரே, லிபர்டேரியன்களுக்குச் சந்தோஷம்தானே?

ஒரு மாதம் இருந்தது. மஸ்க் முதலில் சொன்னது 2 லட்சம் கோடி டாலர் மிச்சம் பிடிப்பேன் என்று, பிறகு அது பாதியானது, 2025 மே மாதக் கடைசியில் அவரே கிளம்பிவிட்டார். ஆட்கள் வேலை இழந்தார்கள், வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றையே கலைத்தார்கள், ஆனால் மொத்தச் செலவு இறங்கவில்லை. 2024 நிதியாண்டில் சுமார் 6.75 லட்சம் கோடி டாலராக இருந்தது அடுத்த ஆண்டு சுமார் 7 லட்சம் கோடி ஆனது. பணம் போவது முதியோர் ஓய்வூதியத்துக்கும், மருத்துவக் காப்பீட்டுக்கும், ராணுவத்துக்கும், கடனுக்கான வட்டிக்கும். அதில் கை வைக்காமல் அலுவலகத்தில் பேனா பென்சிலை எண்ணினால் என்ன மிஞ்சும்?

அப்புறம் ஜூலை 4 அன்று ட்ரம்ப் பெரிய வரிச்சலுகைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்து ஆண்டுகளில் பற்றாக்குறை 3.4 லட்சம் கோடி டாலர் கூடும் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டது. செனட்டில் 50-50 ஆகி, துணை அதிபர் வான்ஸ் வாக்கில் நிறைவேறியது. எதிர்த்த மூன்று குடியரசுக் கட்சி செனட்டர்களில் ராண்ட் பால் ஒருவர். கீழவையில் எதிர்த்த இரண்டு பேரில் கெண்டக்கியின் தாமஸ் மாசி ஒருவர். மாசி எம்ஐடியில் படித்த பொறியாளர், சொந்தக் கையால் கட்டிய வீட்டில் பழைய கார் பேட்டரியில் மின்சாரம் ஓட்டுகிறவர், தேசியக் கடன் ஏறுவதைக் காட்டுகிற சின்ன மின்னணு வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிகிறவர். அந்தக் கடன் 2025 அக்டோபரில் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. மாசியைக் கட்சியிலிருந்தே ஓரம் கட்ட ட்ரம்ப் வெளிப்படையாக வேலை செய்தார். கடனைப் பற்றி இருபது வருடம் புலம்பியவர்கள் எல்லாரும் அன்று எங்கே போனார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

எச்-1பி வேலை விசா விஷயத்தில் யார் நம் பக்கம்?

இதுதானே உங்கள் உண்மையான கேள்வி.

2024 டிசம்பரில் சென்னையில் பிறந்து எஸ்ஆர்எம்மில் படித்த ஸ்ரீராம் கிருஷ்ணனைச் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக ட்ரம்ப் நியமித்தார். அவர் எப்போதோ கிரீன் கார்டில் நாட்டுவாரி உச்சவரம்பை எடுக்க வேண்டும் என்று எழுதியதைத் தோண்டி எடுத்து, ட்ரம்ப் ஆதரவாளர்களிலேயே ஒரு கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. மஸ்க் விசாவை ஆதரித்தார். விவேக் ராமசாமி (பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம்) இன்னும் ஒரு படி மேலே போய், அமெரிக்கக் கலாச்சாரம் திறமையைவிட நடுத்தரத்தையே கொண்டாடுகிறது என்று நீளமாக எழுதி வைத்தார். கிறிஸ்துமஸ் வாரத்தில் வீட்டுக்காரரிடம் போய் உங்கள் பிள்ளை வளர்ப்பு சரியில்லை என்று சொன்ன கதை. ட்ரம்ப்பின் பழைய ஆலோசகர் ஸ்டீவ் பேனன் தரப்பு கொதித்தது.

லிபர்டேரியன் வாதம் எளிது: வேலை கொடுக்கிறவரும் வேலைக்கு வருகிறவரும் சம்மதித்தால் நடுவில் அரசு யார்? தேசியவாதக் கன்சர்வேட்டிவ் சொல்வது: நாடு ஒரு வேலைச் சந்தை மட்டும் இல்லை, வீடு, யார் உள்ளே வரலாம் என்று வீட்டுக்காரர்தான் சொல்வார். லிபர்டேரியன்கள் எல்லாரும் திறந்த எல்லைக்காரர்கள் என்றும் நினைக்க வேண்டாம். இலவசச் சலுகைகள் தருகிற அரசும் கட்டுப்பாடற்ற குடியேற்றமும் சேர்ந்து ஓடாது என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனே சொல்லியிருக்கிறார்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், 2025 செப்டம்பர் 19 அன்று புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. அந்த வெள்ளிக்கிழமை இரவு பழைய விசாக்காரர்களுக்கும் உண்டா இல்லையா என்று தெரியாமல், ஊருக்குப் போயிருந்தவர்கள் கண்டபடி விலை கொடுத்து டிக்கெட் எடுத்துத் திரும்பி ஓடி வந்தார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கிளம்பி வந்தார். மறுநாள்தான் புதியவர்களுக்கு மட்டும் என்று விளக்கம் வந்தது.

கஞ்சா விஷயத்தில்?

நோயாளிகள் இரண்டு பேர் கலிஃபோர்னியாவில், மாநிலச் சட்டம் அனுமதித்தபடி, மருந்துக்காகக் கஞ்சா பயன்படுத்தினார்கள். ஒருவர் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை மத்திய அதிகாரிகள் வந்து அழித்தார்கள். விற்கவில்லை, மாநில எல்லை தாண்டவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இதற்கும் பொருந்துமா என்பது கேள்வி. 2005-ல் உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்றது, 6-க்கு 3. கன்சர்வேட்டிவ்களின் செல்லப்பிள்ளை நீதிபதி ஸ்கேலியா அரசுப் பக்கம் நின்றார். இன்னொரு கன்சர்வேட்டிவ் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எதிர்த்து எழுதினார், வீட்டுக் கொல்லையில் ஆறு செடியையே மத்திய அரசு கட்டுப்படுத்தலாம் என்றால் எதைத்தான் கட்டுப்படுத்த முடியாது என்கிற ரீதியில். இன்னும் வேடிக்கை, அலபாமா, லூசியானா, மிசிசிப்பி மூன்றும் கஞ்சாவுக்குக் கடுமையான தண்டனை கொடுக்கிற மாநிலங்கள், அவை நோயாளிகள் பக்கம் மனு போட்டன. கஞ்சா பிடித்துப்போய் இல்லை, மாநில உரிமைக்காக. மாநில சுயாட்சி பேசி வளர்ந்த தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அந்த மனுவின் வாசனை பழக்கமானதாகவே இருக்கும்.

இன்று 24 மாநிலங்களில் வயது வந்தவர்கள் பயன்படுத்துவது மாநிலச் சட்டப்படி குற்றமில்லை, மத்தியச் சட்டப்படி இன்னும் குற்றம்தான். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிற தம்பிகளுக்கு: கடை திறந்திருக்கிறது என்று உள்ளே போகாதீர்கள், குடியுரிமை அலுவலகம் மத்தியச் சட்டத்தைத்தான் பார்க்கும்.

கருக்கலைப்பில் லிபர்டேரியன் நிலைப்பாடு என்ன?

ஒரே நிலைப்பாடு இல்லை. என் உடம்பு என் முடிவு என்று ஒரு பாதி. கருவும் ஓர் உயிர், உயிரைக் காப்பது அரசின் முதல் வேலை என்று இன்னொரு பாதி, ராண்ட் பால் அந்தப் பக்கம். 2022 மே மாதம் ரீனோ நகர மாநாட்டில் லிபர்டேரியன் கட்சி தன் அறிக்கையில் இருந்த கருக்கலைப்புப் பத்தியையே எடுத்துவிட்டது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973 தீர்ப்பைக் கவிழ்த்து முடிவை மாநிலங்களிடம் விட்டது. ஆகஸ்டில் கான்சஸ் மாநிலத்தில் வாக்கெடுப்பு. குடியரசுக் கட்சிக் கோட்டை அது, ஆனால் கருக்கலைப்பு உரிமையை நீக்குகிற திருத்தத்தை 59 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். சர்ச்சுக்கும் போவேன், அரசு என் வீட்டுக்குள் வர வேண்டாம் என்கிற ஆட்கள் கட்சிப் பட்டியலில் தெரிவதில்லை, இப்படித்தான் தெரிவார்கள்.

துப்பாக்கியில் மட்டும் முழு ஒற்றுமை, சரிதானே?

கிட்டத்தட்ட. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-ல் தீர்ப்பு வாங்கிக் கொடுத்த வழக்குக்குப் பணம் போட்டவர் கேட்டோவின் ராபர்ட் லெவி, அவரிடம் துப்பாக்கியே கிடையாது. தோற்றுவிட்டால் என்ன செய்வது என்று பெரிய துப்பாக்கிச் சங்கமே அந்த வழக்குக்கு முதலில் முட்டுக்கட்டை போட்டது.

பேச்சுச் சுதந்திரம்?

பல வருடம் இது வலதுசாரிகளின் பாட்டு: பல்கலைக்கழகத்தில் பேச விடுவதில்லை, சமூக ஊடகம் வாயைக் கட்டுகிறது. நிறைய இடத்தில் அந்தப் புகார் நியாயமானதும்கூட. 2025 செப்டம்பர் 10 அன்று யூட்டாவில் இளைஞர்களிடம் பிரபலமான கன்சர்வேட்டிவ் பேச்சாளர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார், ஒரு கல்லூரி வளாகத்தில் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது. பேச்சுக்குத் தோட்டா பதில் என்பதைவிடக் கேவலம் வேறில்லை. அடுத்த வாரம் நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மல் தொலைக்காட்சியில் சொன்ன ஒன்றுக்காக, ஒளிபரப்பு ஆணையத் தலைவர் பிரெண்டன் கார் தொலைக்காட்சி நிறுவனத்தை மிரட்டுகிற தொனியில் பேசினார், நிகழ்ச்சி சில நாள் நின்றது. டெக்சாஸ் செனட்டர் டெட் க்ரூஸ் கன்சர்வேட்டிவ்தான், அவரே இது மாஃபியா பேச்சு, நாளை நமக்கே திரும்பும் என்றார். தடிக் கதை ஞாபகம் இருக்கிறதா?

தேசியக் கொடி விஷயம் இன்னும் பழையது. 1984-ல் எங்கள் டல்லாஸில் குடியரசுக் கட்சி மாநாடு நடந்தபோது வெளியே ஒருவர் கொடியை எரித்தார். 1989-ல் உச்ச நீதிமன்றம், அதுவும் ஒருவகைப் பேச்சுதான், தண்டிக்க முடியாது என்றது, 5-க்கு 4. அந்த ஐந்தில் ஸ்கேலியா உண்டு, கொடி எரிப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்பதும் ஊரறிந்தது. 2025 ஆகஸ்டில் ட்ரம்ப் கொடி எரிப்பவர்கள்மேல் முடிந்த சட்டங்களையெல்லாம் பாய்ச்சச் சொல்லி உத்தரவு போட்டார். எனக்கும் கொடி எரிவதைப் பார்க்கப் பிடிக்காது. ஆனால் பிடிக்காத பேச்சுக்குத்தானே சுதந்திரம் தேவைப்படுகிறது.

லிபர்டேரியன்கள் கையில் ஒரு ஊரைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

கொடுக்கவில்லை, அவர்களே போய் எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். 2001-ல் ஜேசன் சோரன்ஸ் என்கிற ஆராய்ச்சி மாணவர் ஒரு யோசனை சொன்னார்: நாம் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறோம், இருபதாயிரம் பேர் ஒரே சின்ன மாநிலத்துக்குக் குடிபோனால் என்ன? நியூ ஹாம்ப்ஷயரைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை, பொது விற்பனை வரி இல்லை, பெரியவர்கள் சீட் பெல்ட் போடாவிட்டால் அபராதம்கூட இல்லை. வாகன எண் தகட்டிலேயே சுதந்திரமாக வாழ் இல்லையேல் செத்துப்போ என்று எழுதியிருக்கும்.

அங்கே கிராய்டன் என்று ஒரு குட்டி ஊர், எண்ணூறு பேர் இருப்பார்கள். நம்மூர்க் கிராமசபை மாதிரி வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடிக் கை தூக்கி பட்ஜெட் போடுகிற ஊர். 2022 மார்ச் கூட்டத்தன்று பனி கொட்டியது, வந்தவர்கள் கொஞ்சம் பேர். அந்த லிபர்டேரியன் இயக்கத்துக்காரர் ஒருவர் எழுந்து, பள்ளிச் செலவு 17 லட்சம் டாலர் எதற்கு, 8 லட்சம் போதும் என்றார். 20-க்கு 14 என்று நிறைவேறிவிட்டது! மறுநாள் காலையில் ஊருக்கு விழிப்பு வந்தது. முடிவை மாற்ற வேண்டும் என்றால் வாக்காளர்களில் பாதிப் பேருக்கு மேல் வந்தாக வேண்டும். வீடு வீடாகப் போனார்கள், ஃபோன் போட்டார்கள். மாற்றக் கூடாது என்பவர்களுக்கு வராமல் இருப்பதே லாபம், ஆகவே அவர்கள் வரவில்லை. மே மாதக் கூட்டத்தில் 377-க்கு 2 என்று பழைய பட்ஜெட் திரும்பியது.

இதைச் சொல்லி லிபர்டேரியன்களைக் கேலி செய்கிறவர்கள் நிறைய. எனக்கு இதில் தெரிவது வேறு. அந்த ஊர்க்காரர்களில் பலரும் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கிறவர்கள், வரி ஏறினால் கத்துகிறவர்கள். ஆனால் பள்ளிக்கூடம் அவர்களுக்கு 'அரசு' இல்லை, ஊர். கன்சர்வேட்டிவுக்கும் லிபர்டேரியனுக்கும் நடுவில் இருக்கிற கோடு எங்கே போகிறது என்று கேட்டால் நான் அந்த மே மாதக் கூட்டத்தைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் ஏழைகளைப் பற்றி இவர்களுக்குக் கவலையே இல்லையா?

சிலருக்கு இல்லை. ஆனால் பொதுவாகச் சொல்வது அநியாயம். ஃப்ரீட்மன் 1962-லேயே, குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்துவிடட்டும், ரேஷன் மாதிரி நூறு திட்டம், நூறு அலுவலகம் வேண்டாம் என்றார். பள்ளிக்குக் கொடுக்கிற பணத்தைப் பெற்றோர் கையில் கொடு என்பதும் 1955-ல் அவர் எழுதியதுதான். டெக்சாஸில் 2025 மே மாதம் அது சட்டமானது, முதல் கட்டமாக 100 கோடி டாலர். கிராமத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர்களே இதை 2023-ல் தோற்கடித்திருந்தார்கள், பக்கத்தில் தனியார் பள்ளியே இல்லாத ஊருக்கு இதனால் என்ன பயன் என்று. பல பேரைக் கட்சித் தேர்தலில் ஆளுநர் தூக்கியடித்த பிறகுதான் நிறைவேறியது. அதே கூட்டத்தொடரில் அதே சட்டசபை, எல்லா அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்றும் சட்டம் போட்டது. முதல் சட்டத்துக்குக் கை தட்டிய லிபர்டேரியன் இரண்டாவதுக்குத் தலையில் அடித்துக்கொண்டார். என் மகள் வகுப்பில் மாட்டினால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள், அவளுக்குத் திருக்குறளே இன்னும் பத்து தேறவில்லை.

நீங்கள் எந்தப் பக்கம்?

எனக்கு ஓட்டே கிடையாது, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். இருந்தால்? பேச்சு, தொழில், வரி, விசா இதிலெல்லாம் லிபர்டேரியன்கள் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது, தங்கள் ஆள் பதவியில் இருக்கும்போதும் கூடாது என்பதைக் கூடாது என்று சொல்கிறார்கள், அது அரிது. ஆனால் உடம்பு சரியில்லாத அப்பாவை யார் பார்ப்பது, ஊரில் பள்ளிக்கூடம் யார் நடத்துவது என்று கேட்டால் அவர்கள் தருகிற பதில், கல்யாணமாகாத முப்பது வயதுப் பையன் தருகிற பதில் மாதிரியே இருக்கிறது. அங்கே கன்சர்வேட்டிவ் பேச்சில் ஈரம் இருக்கிறது. கட்சி வேறு விஷயம், அதைக் கேட்காதீர்கள்.

ஆபீஸில் இதையெல்லாம் பேசலாமா?

வேண்டாம். வெயில், ட்ராஃபிக், 1996-க்குப் பிறகு சூப்பர் பவுல் பக்கமே தலைகாட்டாத எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணி டல்லாஸ் கவ்பாய்ஸ். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.